கொம்பின் வாழ்த்து

வீரரைப் போற்றுதல் தமிழ்நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளில் நடுகற்கள் பல உள்ளன. ஆநிரை மீட்கும் போரில் உயிர் துறந்தோர்க்கும், புலியோடு பொருது மாண்டோர்க்கும் ஊரார் எடுத்த கற்கள் அவை. அவற்றுட் சிலவற்றைக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். கல்லைத் தேடிக் காண்பது முதலாக நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. அம்முறையின் முடிவில் நிற்பது வாழ்த்து.

வாழ்த்தொலிக்கு ஏற்ற பழங்கருவிகளுள் ஒன்று கொம்பு. முற்காலத்தில் விலங்கின் கொம்பையே ஊதினர். பின்னர்ப் பித்தளையாலும் வெண்கலத்தாலும் அவ்வடிவில் வளைத்துச் செய்தனர். பொருள் மாறியும் பெயர் மாறவில்லை. சங்க நூல்கள் ஊதுகொம்பை வயிர் என வழங்கும். கன்னடத்தார்க்கும் இது கொம்பே, தெலுங்கர்க்குக் கொம்மு. மும்மொழியும் வழங்கும் ஓசூரில் இப்பெயர்க்கு மொழிபெயர்ப்பு வேண்டா.

புல்லாங்குழலில் துளைகள் உண்டு. விரல்கள் அவற்றைத் திறந்தும் மூடியும் பல சுரங்களை எழுப்பும். கொம்பிலோ துளையே இல்லை. ஊதுவோனின் இதழ்கள் அதிர, அவ்வதிர்வால் உள்ளிருக்கும் காற்றும் அதிர்ந்து ஒலிக்கும். இதழ்களை இறுக்கினால் ஒலி உயரும், தளர்த்தினால் தாழும். எழும் சுரங்கள் சிலவே. ஆயினும் அவ்வொலி நெடுந்தொலைவு சென்று கேட்கும். மேனாட்டிலும் டிரம்பெட்டு இரண்டு, ஹார்ன், டிராம்போன், டியூபா ஆகிய பித்தளைக் கருவிகளை ஐவர் கூடி வாசிக்கும் சிறுகுழு இசை உண்டு. அக்கருவிகளுக்கும் இதழும் மூச்சுமே உயிர்.

கருவியில் உள்ள குறை ஒலியின் குறையாகாது. இவ்வுண்மையை ஆடுகளத்தில் மெய்ப்பித்தவர் மாரியப்பன் தங்கவேலு. இவர் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்தவர். ஐந்தாம் வயதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் பேருந்து மோதி, இவருடைய வலக்கால் சிதைந்தது. அன்னையார் காய்கறி விற்று மகனை வளர்த்தார். பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் இவரது ஆற்றலைக் கண்டு உயரந்தாண்டலில் ஊக்கினார். பதினான்காம் வயதில், உடற்குறை இல்லாத மாணவரோடு போட்டியிட்டு இவர் இரண்டாமிடம் பெற்றார்.

2016ஆம் ஆண்டு ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோப் போட்டி 2021இல் நடந்தபொழுது வெள்ளியும், 2024இல் பாரிஸில் வெண்கலமும் பெற்றார். ரியோவில் இவர் வெற்றி மேடையேறி நிற்க, நம் நாட்டுப்பண் முழங்கியது. அயல்நாட்டில் எழுந்த அவ்விசையே இவருக்கு உலகம் கூறிய வாழ்த்து.

நடுகல் மாண்ட வீரரைப் போற்றியது. இவ்வீரரோ நம்மிடையே வாழ்கின்றார். மாணவர்களே, இவருக்கு நீங்கள் கூறத்தக்க வாழ்த்தும் ஒன்றுண்டு. உங்கள் பள்ளி ஆடுகளத்தின் ஓரத்தில், கால் இயலாமையால் தனித்து அமர்ந்திருக்கும் தோழன் எவனேனும் உளனாயின், இரக்கச்சொல் கூறி அகலாதீர். அவனைக் களத்தினுள் அழையுங்கள். ஓர் ஆசிரியரின் அழைப்பினால் அன்றோ நாடு ஒரு வீரரைப் பெற்றது!