மலைவாசஸ்தலம்: கொடைக்கானல்

அறிமுகம்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் கரையோரக் கிராமங்கள் பெரும்பாலும் கடல் மட்டத்தைவிடச் சில மீற்றரே உயர்ந்தவை. இங்கு வருடச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 28 பாகை செல்சியஸ் ஆகும். தமிழ்நாட்டின் கொடைக்கானலும் மட்டக்களப்பைப் போல அயன வலயத்திலேயே உள்ளது. ஆயினும் அங்கு செல்வோர் சித்திரை மாதத்திலும் கம்பளி உடை அணிவர். இவ்வேறுபாட்டுக்கான காரணத்தை விளங்கிக்கொள்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

அமைவிடம்

கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலைத்தொடரில், ஏறத்தாழ 2100 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. இம்மலையின் தெற்குச் சரிவு ஓடைகள் வைகை ஆற்றைச் சேர்கின்றன.

காலநிலை

சூரிய கதிர்கள் முதலில் நிலத்தையே சூடாக்குகின்றன. நிலம் தன்னை அடுத்துள்ள வளியைச் சூடாக்குகிறது. உயரே செல்லச் செல்ல வளியின் அடர்த்தி குறைகிறது. வெப்பத்தைப் பிடித்து வைக்கும் நீராவியும் குறைகிறது. எனவே ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் வீதம் வெப்பநிலை வீழ்ச்சியடைகிறது.

*உதாரணம்:*
2100 மீற்றருக்கான வீழ்ச்சி = 2.1 × 6.5 = 13.65
எதிர்பார்க்கும் வெப்பநிலை = 28 – 13.65 = 14.35 பாகை செல்சியஸ்

கொடைக்கானலின் வருடச் சராசரியும் ஏறத்தாழ இவ்வளவே. அங்கு ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை அதிகம். மட்டக்களப்பைப் போன்று வடகீழ்ப் பருவக்காற்றின் செல்வாக்கு அங்கும் உண்டு.

கவனிக்க: மலை சூரியனுக்கு அண்மையில் இருப்பதால் வெப்பம் கூடும் எனச் சிலர் எழுதுவர். இது பிழை. சூரியன் ஏறத்தாழ 150 மில்லியன் கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. அதனுடன் ஒப்பிடும்போது 2 கிலோமீற்றர் உயரம் ஒரு பொருட்டன்று.

வரலாறு

யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மிசனரிமார் 1834இல் மதுரையில் தமது பணியை ஆரம்பித்தனர். சமவெளிக் காய்ச்சலால் துன்புற்ற அவர்கள், 1845இல் கொடைக்கானலில் இரு வீடுகளை அமைத்தனர். 1863இல் ஓடையொன்றை மறித்து இங்குள்ள ஏரி உருவாக்கப்பட்டது. எனவே இது இயற்கை ஏரியன்று. தெளிந்த வானம் வாய்த்தமையால் 1899இல் சூரிய ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. குறிஞ்சி ஆண்டவர் கோயிலை 1936இல் அமைத்தவர், சேர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியாரான லீலாவதி அம்மையார் ஆவார்.

தாவரம்

மலைப் பள்ளங்களில் சோலைக்காடும் சரிவுகளில் புல்வெளியும் காணப்படுகின்றன. இவை மழைநீரை உறிஞ்சி, வரட்சிக் காலத்தில் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுகின்றன. நீலக்குறிஞ்சி 12 வருடங்களுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும். 2006இலும் 2018இலும் பூத்தது.

சுற்றுலாவும் சூழலும்

*நன்மைகள்:* விடுதி, போக்குவரத்து, பழவகை வியாபாரம் என்பவற்றால் மக்கள் வருமானம் பெறுகின்றனர்.

*தீமைகள்:* வாகன நெரிசல், பிளாஸ்ரிக் கழிவு, நீர்த் தட்டுப்பாடு என்பன ஏற்படுகின்றன. அமைதியை நாடி வருவோரின் தொகையே அமைதியைக் குலைக்கிறது.

இதனால் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வாகனங்களுக்கு இணையவழி அனுமதிச்சீட்டு நடைமுறைப்படுத்தப்பட்டது. சுற்றுலா தவிர்ந்த பாதிப்பும் உண்டு. இரச வெப்பமானி செய்த தொழிற்சாலையொன்று, இரசம் கலந்த கண்ணாடிக் கழிவு வெளியேறியமை தெரியவந்ததால் 2001இல் மூடப்பட்டது.

மலை கெட்டால் சமவெளியும் கெடும். பதுளைப் பக்க மலைகளில் ஊற்றெடுக்கும் கல்லோயா கிழக்கிலங்கை வயல்களுக்கு நீர் தருவதை எண்ணிப் பாருங்கள். மலைக்காட்டைக் காப்பது மலையில் வாழ்வோரின் கடமை மட்டுமன்று. அந்நீரில் விளைந்த சோற்றை உண்போரின் கடமையுமாகும்.

பயிற்சி வினாக்கள்

1. நுவரெலியா ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்திலுள்ளது. மட்டக்களப்பின் சராசரியைக் கொண்டு அதன் வெப்பநிலையைக் கணிக்குக. (விடை: ஏறத்தாழ 15.9 பாகை செல்சியஸ்)
2. உயரம் கூட வெப்பநிலை குறைவதற்கான காரணங்கள் இரண்டு தருக.
3. சோலைக்காடுகள் அழிந்தால் சமவெளி விவசாயிகள் எவ்வாறு பாதிக்கப்படுவர்? விளக்குக.
4. உமது பாடசாலை மலைநாட்டுக்குச் சுற்றுலா செல்கிறது. சூழலைக் காக்க மாணவர் பின்பற்றவேண்டிய மூன்று விதிகளைக் காரணத்துடன் எழுதுக.