ரப்பர் பூசிய விரிப்புகள் கெடும் விதமும் காக்கும் முறையும்

ஆரணியை அடுத்த களம்பூர், அரிசி ஆலைகளுக்கும் நெற்களங்களுக்கும் பேர்போன ஊராகும். நெல் களத்தில் கிடக்கையில் திடீரென மழை வந்தால் குவியலைக் காப்பது மேலே போர்த்தும் விரிப்பே. அதில் விரிசல் இருப்பின், நனைந்த பச்சை நெல் சூடேறி முளைவிடும். புழுக்கிய நெல் பூஞ்சணம் பிடித்து நாறும். இந்நாளில் பாலித்தீன் விரிப்புகளே மிகுதியாயினும், ரப்பர் பூசிய துணியை உபயோகிப்போர் அது கெடும் விதத்தை அறிந்திருத்தல் அவசியம்.

பாவும் ஊடையுமாக நெய்த துணியே இவ்விரிப்பிற்கு உடல். ரப்பர் அதற்குத் தோல். 1823-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தினரான சார்லஸ் மாக்கின்டாஷ் இரு துணிகளுக்கிடையே ரப்பர்க் கரைசலைப் பூசி மழைத்துணி செய்தார். அது வெப்பத்தில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-இல் ரப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கிப் பதப்படுத்தும் முறையைக் கண்ட பின்னரே அக்குறை பெரிதும் நீங்கியது. எனினும், நாள்பட்ட வெயிலையும் காற்றையும் பதப்படுத்திய ரப்பரும் தாங்குவதில்லை.

கெடுக்கும் காரணங்கள் நான்கு:

1. வெயில்: ஒளியும் உஷ்ணமும் சேர்ந்தால் காற்றிலுள்ள பிராணவாயு ரப்பரை விரைவில் தாக்கும். மேற்பரப்பு ஒட்டும் தன்மையடையும், அல்லது விறைத்து நொறுங்கும். புகைக்கரி கலந்த கறுப்பு ரப்பர் ஒளியை நன்கு தாங்கும்.

2. ஓஸோன்: காற்றில் மிகச் சிறிதளவே உள்ள இவ்வாயு, இழுபட்டு நிற்கும் ரப்பரை வெடிக்கச் செய்யும். மடிப்பின் வெளிப்புறம் எப்போதும் இழுபட்டிருப்பதால் விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

3. ஈரம்: விரிசல் வழியே நீர் புகுந்தால் பருத்தித் துணியில் பூஞ்சணம் பற்றும். மேலே ரப்பர் நன்றாகத் தோன்றினும் உள்ளே நூல் மக்கிவிடும்.

4. எண்ணெயும் தாமிரமும்: எண்ணெய் பட்ட ரப்பர் உப்பி இளகும். மயில்துத்தம் முதலிய தாமிர உப்புகள் பட்டால் ரப்பர் மிக விரைவில் சிதையும்.

ஆகையால் குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை: வேலை முடிந்தபின் விரிப்பை வெயிலில் விட்டுவைக்கலாகாது. மண்ணைக் கழுவி, நிழலில் இருபுறமும் உலர்த்தி, மடிக்காமல் மூங்கில் கழியில் தளர்வாகச் சுருட்டி, காற்றோட்டமுள்ள இருட்டறையில் வைக்கவேண்டும். மருந்து தெளிக்கும் கருவிகளையும் மண்ணெண்ணெயையும் அதனருகே வைக்கலாகாது. புழுக்கிய நெல்லைச் சூட்டோடு அதன்மேல் கொட்டுதலும் தவறு.

அறுவடைக்கு ஒரு மாதம் முன்னரே விரிப்பை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்து, பள்ளமாக்கி நீர் ஊற்றிச் சோதித்தல் நலம். சிறு விரிசலை அப்போதே ரப்பர்ப் பசையால் ஒட்டிக்கொள்ளலாம். மேகம் கூடிய பின்னர் அதற்கு அவகாசமிராது.