ரிவஸ்டன் காற்றில் கல் தோட்டம்

மாத்தளை டவுனில் மார்கழிக்கு ஒரு போர்வை போதும். இரத்தோட்டையைத் தாண்டி ரிவஸ்டன் பக்கம் ஏறினால் கதை வேறு: வடகீழ்ப் பருவமழை, விடாத காற்று, பகலிலும் மூட்டம். அங்கே கற்களுக்கிடையில் நட்ட பல்லாண்டுச் செடி கறுத்துப்போனால் குளிரைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் குற்றவாளி ஈரம்தான். ஆல்ப்ஸ் மலையின் எடல்வைஸ் பனி மூடிய நிலத்தில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அதையே நீர் தேங்கும் மண்ணில் வைத்தால் அழுகிவிடும்.

ஆகவே மண்ணைக் கவனியுங்கள். தோட்ட மண்ணோடு பாதிக்குப் பாதி சல்லியும் ஆற்று மணலும் கலந்து, பாத்தியைச் சரிவாக அமையுங்கள். தண்டும் மண்ணும் சேருமிடத்தில், ஒரு விரல் தடிமனுக்குச் சிறு கல் பரப்புங்கள். கார்த்திகைக்குப் பிறகு யூரியா வேண்டாம். குளிரில் முதலில் வாடுவது இளந்தளிர்தான். மாலையில் இலைமேல் தண்ணீர் ஊற்றவும் கூடாது.

நுவரெலியா உறவினருக்குச் செடி கொடுத்தால் கூடுதலாக ஒரு வார்த்தை. அங்கே தை, மாசியில், மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படியும். குளிர்காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்கும் என்பதால் பூச்சாடிகளை மேட்டுக்கோ திண்ணைக்கோ மாற்றுங்கள். நிலத்தில் உள்ளவற்றுக்குக் குச்சி நட்டு, இலையில் படாமல் சாக்கு போடுங்கள். பொலித்தீன் தொட்ட இலை கருகும். வெயில் வந்ததும் மூடியதை எடுத்துவிட வேண்டும்.

கருகிய நுனியை உடனே வெட்டாதீர்கள். பங்குனி வரை விட்டுப் பாருங்கள்; ஜெரேனியம் பல வேளைகளில் அடியிலிருந்து தளிர்க்கும்.