கூத்துக் கலைஞரைப் படமெடுத்தல்: ஒரு செயல்பாடு

செய்யாறு பக்கம் எங்கள் பள்ளி. பாரதக் கூத்துக்குப் பஞ்சமில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைக் கைப்பேசியில் படமெடுத்துவரச் சொல்கிறேன்.

ஃபிளாஷ் கூடாது. கட்டை வேடக்காரரின் கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் கண்ணாடித் துண்டுகள் ஒட்டியிருப்பார்கள். வெளிச்சம் பட்டால் படத்தில் வெள்ளைப் புள்ளிகளே மிஞ்சும். அவர் சுழன்றாடும்போது எடுத்தால் உருவம் கலங்கிவிடும். பாட்டின் அடி முடிந்து நிற்கும் நொடிக்குக் காத்திருக்க வேண்டும். அதைப் பிடிக்கப் பாட்டைக் கவனித்துக் கேட்டாக வேண்டும். எனக்குப் பாதிப் பாடம் அங்கேயே நடந்துவிடுகிறது.

ஒப்பனைக் கொட்டகை வேறு விஷயம். சென்ற ஆண்டு, திரௌபதி வேடம் கட்டியவர் பாதி அரிதாரத்தில், லுங்கியோடு டீ குடிக்கும் படத்தை யாரோ கேலி எழுதிப் பரப்பினார்கள். எட்டாம் வகுப்பில் படிக்கும் அவர் மகள் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. அந்த டீ குடிக்கும் படம் கெட்ட படமல்ல. மூன்று மணி நேர ஒப்பனையின் உழைப்பு அதில்தான் தெரிகிறது. அவரைக் கேட்டு எடுத்திருக்க வேண்டும்.

இப்போது கூத்து வாத்தியாரிடம் அனுமதி வாங்கியே மாணவர்கள் உள்ளே போகிறார்கள். எடுத்ததைக் கலைஞரிடம் காட்டி, வேண்டாம் என்றவற்றை அவர் எதிரிலேயே அழிக்கிறார்கள். அதற்கும் மதிப்பெண் உண்டு. படத்தின் கீழ் ‘கூத்தாடி’ என்று மட்டும் எழுதினால் திருப்பித் தருகிறேன். பெயர், ஊர், கட்டிய வேடம் மூன்றும் வேண்டும்.