கல்வியாண்டை நிறைவு செய்தல்: பெரம்பலூர், அரியலூர் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

கேள்வி: கல்வியாண்டு எப்போது முடிகிறது? ஒவ்வொரு வகுப்புக்கும் ஒவ்வொரு நாளில் லீவு விடுவது ஏன்?

பதில்: தமிழ்நாட்டில் கல்வியாண்டு ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. பொதுத்தேர்வு எழுதுபவர்கள் முதலில் பள்ளியை விட்டுப் போகிறார்கள். மற்ற வகுப்புகள் அதன் பிறகே கலைகின்றன. 2025-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு மார்ச் 3 முதல் 25 வரையிலும், பத்தாம் வகுப்புத் தேர்வு மார்ச் 28 முதல் ஏப்ரல் 15 வரையிலும் நடந்தன. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான முழு ஆண்டுத் தேர்வு, வெயிலைக் கருதி முன்கூட்டியே, ஏப்ரல் 7 முதல் 17 வரை வைக்கப்பட்டது. பள்ளிகள் மீண்டும் ஜூன் 2 அன்று திறந்தன. ஆக, ஒரே வீட்டில் பிளஸ் டூ படிக்கும் அக்காவுக்கு மார்ச் கடைசியிலேயே லீவு தொடங்கிவிடுகிறது. மூன்றாம் வகுப்புத் தம்பி அதற்குப் பிறகும் மூன்று வாரம் பள்ளிக்குப் போகிறான்.

பிள்ளைகள் போன பிறகும் ஆசிரியர்களுக்கு ஏப்ரல் இறுதிவரை வேலை இருக்கிறது. விடைத்தாள் திருத்துவது, தேர்ச்சிப் பட்டியல் தயாரிப்பது, பதிவேடுகளை முடிப்பது, மாற்றுச் சான்றிதழ் எழுதுவது, ஊருக்குள் போய்ப் புதிய பிள்ளைகளைச் சேர்ப்பது எல்லாம் இந்த நாள்களில்தான்.

ஓர் ஆண்டை முடிப்பதில் மூன்று காரியங்கள் உண்டு. பிள்ளை கற்றது எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பது ஒன்று. அடுத்த வகுப்பிடமோ அடுத்த பள்ளியிடமோ பிள்ளையை ஒப்படைப்பது இரண்டாவது. ஓய்வு கொடுப்பது மூன்றாவது. முதலாவதைத் தேர்வும் மூன்றாவதை வெயிலும் பார்த்துக்கொள்கின்றன. இரண்டாவதுதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது.

கேள்வி: பாடமெல்லாம் முடிந்துவிட்டது என்கிறார்கள். கடைசி வாரங்களில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதில் பயன் உண்டா?

பதில்: உண்டு. எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் பிள்ளைகள் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கப்படுவதில்லை. அது நல்ல ஏற்பாடு. தோற்றுப்போன அவமானத்தில் பத்து வயதுப் பிள்ளை படிப்பை விட்டு ஓடுவதைத் தடுக்கிறது. ஆனால் ரேங்க் கார்டில் ‘தேர்ச்சி’ என்று இருப்பதை வைத்து, பிள்ளை ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்குமா, கடன் வாங்கிக் கழிக்குமா என்று சொல்லிவிட முடியாது. அதைத் தெரிந்துகொள்ள ஏற்ற நேரம், பாடச்சுமை இறங்கிய இந்தக் கடைசி வாரங்கள்தான்.

2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கிறது. ஆண்டு முடிவில் எந்தப் பிள்ளை எந்த நிலையில் நிற்கிறது என்ற பட்டியல் அடுத்த ஆண்டு ஆசிரியரின் கைக்குப் போனால், ஜூனில் அவர் முதலிலிருந்து தேட வேண்டியதில்லை. பெற்றோரும் ரேங்க் கார்டு வாங்கப் போகும் நாளில் மதிப்பெண்ணோடு நிறுத்திவிடாமல், “என் பிள்ளைக்கு எது இன்னும் வரவில்லை?” என்று கேட்டு வருவது நல்லது. அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் கோடை முழுவதற்கும் வழிகாட்டும்.

நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுப்பது, வகுப்பறையைக் கூட்டிச் சுவரொட்டிகளைக் கழற்றி வைப்பது, குரூப் போட்டோ எடுப்பது, நட்ட மரக்கன்றுக்கு லீவில் யார் தண்ணீர் ஊற்றுவது என்று முறை போடுவது போன்றவையும் வீண் வேலைகள் அல்ல. ஒரு காரியத்தைத் தொடங்கியவர்களே முடித்தும் வைக்கும் பழக்கத்தைப் பிள்ளைகள் இப்படித்தான் பெறுகிறார்கள்.

கேள்வி: ஊரில் ஐந்தாம் வகுப்பு வரைதான் இருக்கிறது. அல்லது எட்டு வரைதான். அதன் பிறகு என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஐந்தோடு முடிகிறது, நடுநிலைப் பள்ளி எட்டோடு முடிகிறது. படிப்புச் சங்கிலி அறுந்துபோகும் இடங்கள் இந்த இரண்டும்தான். ஏப்ரலில் ஒரு பள்ளியின் பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கி, ஜூனில் இன்னொரு பள்ளியின் பதிவேட்டில் ஏறாமல் போகும் பிள்ளையைத் தேடுவார் இல்லை. பழைய பள்ளி, பிள்ளை போய்விட்டது என்று நினைக்கும். புதிய பள்ளிக்கு அப்படி ஒரு பிள்ளை இருப்பதே தெரியாது.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை இலவசக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. தான் படிக்கும் பள்ளியில் மேல் வகுப்பு இல்லையென்றால் வேறு அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறும் உரிமை பிள்ளைக்கு உண்டு. டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வரத் தாமதமானது என்று காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. ஆகவே ஆறாம் வகுப்பில் சேர்ப்பதற்குச் சட்டம் துணை நிற்கிறது. எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போகும்போது அந்தத் துணை இல்லை. ஊர்ப் பள்ளி முடிகிற வகுப்பிலேயே சட்டத்தின் கையும் முடிந்துவிடுவதால், இந்த ஒரு தாண்டலில் வீடும் பள்ளியும் இரட்டிப்புக் கவனம் காட்ட வேண்டும்.

அதற்கு எளிய வழிகள் உண்டு. லீவு விடுவதற்கு முன்பே பிள்ளையைச் சேரப்போகும் பள்ளிக்கு ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டலாம். பஸ் எந்த நேரத்துக்கு வருகிறது, அதே ஊரிலிருந்து யார் யார் போகிறார்கள் என்று பார்த்து வைக்கலாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவின் ஏப்ரல் கூட்டத்தில், ஊரில் ஐந்தும் எட்டும் முடித்த பிள்ளைகளின் பெயர்களை வாசித்து, ஒவ்வொருவரும் சேரப்போகும் பள்ளியை எழுதிக்கொண்டால், ஜூனில் யார் சேரவில்லை என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும்.

பெண் பிள்ளைகளின் வீட்டாரிடம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் முதல் நடக்கிறது. ஆண் பிள்ளைகளுக்கான இதே போன்ற தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்பில் நின்றுபோனால் இந்த வழியும் அடைபட்டுவிடும்.

கேள்வி: பொதுத்தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளையை எப்படிக் கவனிப்பது?

பதில்: இந்த இரு மாவட்டங்களிலும் பொதுத்தேர்வு ஊரே கூடிப் பார்க்கும் காரியம். 2022-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியில் 97.95 விழுக்காட்டுடன் பெரம்பலூர் மாநிலத்தில் முதலிடம் பெற்றது. 2023-இல் பத்தாம் வகுப்பில் 97.67 விழுக்காட்டுடன் மீண்டும் பெரம்பலூர். 2024-இல் பத்தாம் வகுப்பில் 97.31 விழுக்காட்டுடன் அரியலூர். 2025-இல் பன்னிரண்டாம் வகுப்பில் 98.82 விழுக்காட்டுடன் மறுபடியும் அரியலூர். பெரிய நகரமோ பெயர்பெற்ற பயிற்சி மையங்களோ இல்லாத, மானாவாரிப் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மண்ணுக்கு இது பெருமைதான்.

அந்தப் பெருமைக்குள் ஓர் ஆபத்தும் இருக்கிறது. எல்லாரும் தேறும் ஊரில் தேறாத பிள்ளைக்கு ஒளிய இடமில்லை. 98.82 விழுக்காடு என்றால் நூற்றில் ஒருவருக்குச் சற்று மேல் தேறவில்லை என்று பொருள். அந்த ஒருவரும் யாரோ ஒரு வீட்டின் பிள்ளை. 2025-இல் பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் மே 8 அன்றும், பத்தாம் வகுப்பு முடிவுகள் மே 16 அன்றும் வெளியாயின. தேர்வு முடிந்து ஆறு வாரம், நான்கு வாரம் காத்திருந்த பிறகு வந்த முடிவுகள் அவை. அந்த வாரங்களில் வீட்டில் பேசப்படும் பேச்சுதான் முடிவு வரும் நாளில் பிள்ளையைத் தாங்கும்.

முடிவு வருவதற்கு முன்பே, எந்த மதிப்பெண் வந்தாலும் அடுத்து என்ன செய்யலாம் என்று பிள்ளையோடு உட்கார்ந்து பேசி வைக்க வேண்டும். தேறாவிட்டால் ஜூன், ஜூலையிலேயே துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டில் மேற்படிப்பில் சேர முடியும். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் என்று வேறு வழிகளும் திறந்திருக்கின்றன. முடிவு வரும் நாளில் பிள்ளையைத் தனியே விடக் கூடாது. பக்கத்து வீட்டு மதிப்பெண்ணோடு ஒப்பிடவும் கூடாது. பேச்சு குறைந்து, தூக்கமும் சாப்பாடும் கெட்டால் தயங்காமல் உதவி கேட்க வேண்டும். 104 மருத்துவ உதவி எண், 14416 மனநல உதவி எண், 14417 கல்வி வழிகாட்டி எண் ஆகியவை இதற்காகவே இருக்கின்றன.

கேள்வி: இரண்டு மாத லீவில் படித்ததெல்லாம் மறந்துபோகும் என்பது உண்மையா?

பதில்: ஓரளவு உண்மை. அமெரிக்கப் பள்ளிகளில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து ஹாரிஸ் கூப்பரும் உடன் பணியாற்றியவர்களும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு, நீண்ட கோடை விடுமுறையில் பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் படிப்பின் அளவுக்குப் பின்தங்குகிறார்கள் என்று கண்டது. வாசிப்பைவிடக் கணக்கு அதிகம் மறக்கிறது. வாசிப்பு கடைப் பலகையிலும் பஸ் பலகையிலும் தானாகவே தொடர்கிறது. வகுத்தல் கணக்கு அப்படித் தொடர்வதில்லை.

அதற்காக லீவில் டியூஷன் வைக்க வேண்டியதில்லை. சந்தையில் சின்ன வெங்காயம் எடை போட்டு விலை சொல்ல வைக்கலாம். வரப்பை நடந்து அளந்து வயலின் பரப்பைக் கணக்கிட வைக்கலாம். தாத்தா பாட்டிக்குத் தினமும் அரைப் பக்கம் செய்தித்தாள் வாசித்துக் காட்டச் சொல்லலாம். நாளுக்கு அரை மணி நேரம் போதும். மீதி நாள் முழுதும் பிள்ளையுடையது. பல்லாங்குழியும் தாயமும் கணக்குத்தான் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: லீவு வந்தால் பிள்ளைகள் முந்திரிக்காட்டுக்குப் போகிறார்கள். அனுப்பலாமா?

பதில்: ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கங்களில் முந்திரி காய்த்து விழும் பருவமும் ஆண்டிறுதித் தேர்வுகளும் ஒரே நேரத்தில் வருகின்றன. கொட்டை பொறுக்க வீட்டோடு பிள்ளைகளும் போவது ஊர் வழக்கம். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 2016-இல் வந்த அதன் திருத்தமும் 14 வயது நிரம்பாதவர்களை வேலைக்கு வைப்பதை முற்றிலும் தடை செய்கின்றன. பள்ளி நேரம் போக, லீவு நாள்களில், ஆபத்தில்லாத சொந்தக் குடும்ப வேலையில் கைகொடுப்பதைச் சட்டம் விட்டுவைத்திருக்கிறது. சொந்தத் தோப்பில் காலை வெயிலுக்கு முன் ஒரு மணி நேரம் பொறுக்குவது வேறு. கூலிக்குப் போவதும், கொட்டை உடைக்கும் இடத்தில் உட்கார வைப்பதும் வேறு. முந்திரி ஓட்டில் உள்ள எண்ணெய் தோலைப் பொசுக்கிக் கொப்புளம் போட வைக்கும். அந்த வேலையில் பிள்ளைகள் இருக்கவே கூடாது. தேர்வு நாள்களில் காட்டுக்கு அழைத்துப்போவதும் கூடாது.

கோடையின் பெரிய ஆபத்து தண்ணீர். தோண்டிக் கைவிட்ட சுண்ணாம்புக்கல், கருங்கல் குழிகளில் மழைநீர் தேங்கி நிற்கும். கரை செங்குத்தாக இறங்கும். ஆழம் கண்ணுக்குத் தெரியாது. கொள்ளிடத்தில் மணல் எடுத்த பள்ளங்களும் அப்படித்தான். நீச்சல் தெரிந்த பெரியவர் உடன் இல்லாமல் எந்தப் பிள்ளையும் இறங்கக் கூடாது என்பதைப் பள்ளியின் கடைசி நாளில் ஆசிரியரும், அன்று மாலையே வீட்டாரும் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: செலவில்லாமல் பக்கத்திலேயே எங்கே அழைத்துப்போகலாம்?

பதில்: இந்த மண்ணே ஒரு பாடப்புத்தகம். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடலில் புதைந்து கல்லாகிப்போன மரம் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-இல் அதை உலகுக்கு அறிவித்தார். அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் அதே கடலின் நத்தைகளையும் சிப்பிகளையும் பார்க்கலாம். அரியலூரின் சிமெண்டு ஆலைகளுக்குப் போகும் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடல் விட்டுச்சென்றதுதான் என்று சொன்னால், அப்பா வேலைக்குப் போகும் இடத்தைப் பிள்ளை புதிய கண்ணோடு பார்க்கும். படிவக் கற்களை எடுத்துவராமல் படம் வரைந்துவரப் பழக்குவது நல்லது.

கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரன் எழுப்பிய கோயில் 2004-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அவன் வெட்டிய சோழகங்கம் ஏரியையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த ஊர் முழுமையாகப் புரியும். பெரம்பலூர்ப் பக்கத்தில் ரஞ்சன்குடிக் கோட்டை இருக்கிறது. எங்கே போனாலும் காலை பத்து மணிக்குள் திரும்பிவிடும்படி திட்டமிடுவது இந்த வெயிலுக்கு ஏற்றது.

கேள்வி: ஜூனில் பள்ளி திறப்பதற்குள் கவனிக்க வேண்டியவை என்ன?

பதில்: முதலாவது சாப்பாடு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் மதியச் சத்துணவும் லீவில் நின்றுவிடும். அம்மாவும் அப்பாவும் விடியும் முன் வேலைக்குப் போகும் வீடுகளில் அந்த இரண்டு வேளையை யார் பார்ப்பது என்று ஏப்ரலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். காலையில் பழைய சோறும் மோரும், கூடவே ஒரு முட்டையோ கொஞ்சம் கடலையோ இருந்தால் போதும்.

இரண்டாவது தூக்கம். மே கடைசி வாரத்திலிருந்து இரவு படுக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாக முன்னே கொண்டுவந்தால் திறப்பு நாளில் சிரமம் இருக்காது.

மூன்றாவது பெயர். பள்ளி மாறும் பிள்ளையின் டி.சி., ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றில் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். திருத்தம் தேவையென்றால் மே மாதமே அதற்கு நேரம். திறப்பு நாளன்று புதிய பள்ளியின் வருகைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர் வாசிக்கப்பட்டு, பிள்ளை “உள்ளேன்” என்று சொல்லும்போதுதான் முந்தைய கல்வியாண்டு முறையாக நிறைவடைகிறது.