குறுக்கெழுத்துப் போட்டிக்குக் குறிப்பு எழுதுதல்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் சங்க ஆண்டு விழாவுக்குக் குறுக்கெழுத்துப் புதிர் அமைக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். கட்டத்தின் ஒரு மூலையில் ‘மாலை’ என்ற சொல் வந்து அமைந்தது. அச்சகத்துக்கு நேரமாகிவிட்டதால் “சூரியன் சிவக்கும் பொழுது (2)” என்று ஒரு குறிப்பை எழுதிக் கொடுத்துவிட்டேன். ‘லை’ மட்டுமே வேறு சொல்லோடு குறுக்கிட்டது. ஓர் அம்மையார் ‘காலை’ என்று நிரப்பியிருந்தார். தவறு என்று சுழித்தேன். அந்த ஒரு விடையால் அவருக்கு முதல் பரிசு போயிற்று. விழா முடிந்ததும் அருகில் வந்து, “ஏன் சார், விடியற்காலையில் சூரியன் சிவக்காதா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பரிசு எவர்சில்வர் டிபன் கேரியர்தான். என்றாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதுபோன்ற சங்கதி நம் பெங்களூரிலிருந்து ஒரு காலத்தில் பெரிய அளவில் நடந்திருக்கிறது. 1950களில் ‘ஸ்போர்ட்டிங் ஸ்டார்’ என்ற வாரப் பத்திரிகை இங்கே அச்சாகிப் பம்பாய் மாநிலத்திலும் பரவலாக விற்றது. அதன் வழியாக ஆர்.எம்.டி.சி. குறுக்கெழுத்துப் போட்டி நடந்தது. கட்டணம் கட்டி விடை அனுப்ப வேண்டும். முத்திரையிட்டு வைத்த விடையோடு ஒத்துப்போனால் பரிசு. பம்பாய் அரசு வரி கேட்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இது அறிவுப் போட்டி அன்று, சூதாட்டமே என்று 1957-இல் தீர்ப்பாயிற்று. அதற்கு முன்பே, 1955-இல், மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு தரக்கூடாது என்று மத்திய அரசு சட்டம் இயற்றியிருந்தது. திறமையால் வெல்லும் போட்டிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்பதும் 1957-இல் நீதிமன்றம் சொன்னதே. நான் போட்ட ‘மாலை’ எந்தப் பக்கம் சேரும் என்று வாசக அன்பர்களே முடிவு செய்யலாம்.

அப்படியானால் நியாயமான குறிப்பு எது? ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன், எனக்குத் தெரிந்த உதாரணத்தைச் சொல்கிறேன். பாயின்ட் சரியாகத் திரும்பிப் பூட்டிக்கொண்டால் ஒழிய சிக்னல் இறங்காது. இதற்கு இன்டர்லாக்கிங் என்று பெயர். நல்ல குறிப்பிலும் இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று விடையின் நேர்ப்பொருள். மற்றது அதே விடையை எழுத்து எழுத்தாகக் கட்டும் வழி. இரண்டும் ஒரே சொல்லில் பூட்டிக்கொள்ள வேண்டும். அப்போது விடைத்தாளைப் பாராமலே, தாம் கண்டது சரி என்று போட்டியாளருக்குத் தெரிந்துவிடும்.

“பணத்தின் நடுவே யமன் தலைகாட்டும் யாத்திரை (4).” யமனின் தலை ‘ய’. அதைப் ‘பணம்’ என்ற சொல்லுக்குள் நுழைத்தால் ‘பயணம்’. யாத்திரை என்பது நேர்ப்பொருள். இதில் ஒரு சொல்லும் வீணில்லை. வாசித்தால் ஏதோ பயமுறுத்துகிற வாக்கியம் போலவும் இருக்கிறது. வாசகரைத் திசை திருப்பலாம், பொய் சொல்லக்கூடாது.

இன்னொன்று: “தலை போனால் மானாகும் மலர் (3).” தாமரையில் ‘தா’ போனால் மரை, மரை ஒரு மான். எழுத்தை நீக்கி வேறு சொல் காணும் இந்த வித்தையை அக்கரச் சுதகம் என்று நம் முன்னோர் சித்திர கவியில் வகுத்தே வைத்திருக்கிறார்கள். “எழுத உதவுவதும் முருகன் வேல் அழித்ததும் சேர்ந்த நகரம் (3)” என்பதை நீங்களே பாருங்கள். தொலைவில் இல்லை, ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

ஆங்கிலத்தில் எழுத்துகளைக் குலுக்கிப் போட்டே பாதிக் குறிப்புகளை எழுதிவிடுவார்கள். அவர்களுக்கு 26 எழுத்து. நமக்கு 247, ஒரு கட்டத்தில் உயிர்மெய் முழுதாக உட்காரும். குலுக்கினால் அநேகமாக வேறு சொல் வராது. கட்டம் அமைப்பதிலும் சங்கடம் உண்டு: மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. ஆகவே இடமிருந்து வலம் செல்லும் சொல்லில் ‘ம்’ இருக்கும் கட்டத்திலிருந்து மேலிருந்து கீழாக எந்தச் சொல்லையும் தொடங்க முடியாது. பதிலாக நமக்குச் சிலேடை இருக்கிறது. அதைக் கொண்டு என் ‘மாலை’யைத் திருத்தி எழுதினேன்: “கழுத்தில் விழும் பொழுது (2).” இப்போது ‘காலை’ நுழைய வழியில்லை. ‘விழும்’ என்பது பெயரெச்சம், ‘விழுவது’ என்றல்லவா இருக்க வேண்டும் என்று இலக்கணம் படித்த நண்பர் ஒருவர் ஆட்சேபித்தார். அவர் சொல்வது சரிதான். ஆனாலும் நான் மாற்றப் போவதில்லை.

இந்திய கடற்படைக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியரான அட்மிரல் ஆர்.டி. கட்டாரி ஓய்வுக்குப் பின் ‘தி இந்து’வுக்குப் புதிர் அமைத்தார். ஓய்வு பெற்றவர்களுக்கு ஏற்ற வேலை இது. லண்டன் ‘அப்சர்வர்’ இதழில் க்சிமெனெஸ் என்ற புனைபெயரில் 1939 முதல் புதிர் அமைத்த பள்ளி ஆசிரியர் மக்நட், ஒரு சொல்லைக் கொடுத்து வாசகர்களையே குறிப்பு எழுதச் சொல்லிப் போட்டி வைத்தார். நாமும் வைப்போம். சொல்: ‘தண்டவாளம்’, 6 எழுத்து. அஞ்சலட்டையில் ஒரே ஒரு குறிப்பும், அது எப்படி அமைந்தது என்ற விளக்கமும் எழுதிச் சங்க அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். நடுவராக இருக்க அந்த அம்மையார் இசைந்திருக்கிறார்.