கலோரிக் கணக்கும் வயிற்றின் கணக்கும்

உடல் எடையைக் குறைத்தவர்களுள் சிலர், உண்ணும் ஒவ்வோர் இட்லிக்கும் கைப்பேசியில் கலோரிக் கணக்கு எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். குறைந்த எடை மீண்டும் ஏறாதிருக்க ஆயுள் முழுவதும் இப்படி எழுத வேண்டுமா? இயற்பியல் மாணவர் முதலில் கேட்க வேண்டியது வேறு: இந்த அளவீட்டில் பிழை எவ்வளவு?

ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,000 கிலோ கலோரி தேவை என்று கொள்வோம். கணக்கில் 5 விழுக்காடு பிழை, அதாவது 100 கிலோ கலோரி கூடுதல். ஓர் ஆண்டில் அது 36,500. ஒரு கிலோகிராம் உடற்கொழுப்பில் அடங்கியிருப்பது ஏறத்தாழ 7,700 கிலோ கலோரி. வகுத்துப் பாருங்கள், 4.7 கிலோகிராம் வருகிறது! எடை கூடும்போது உடலின் செலவும் கூடுவதால் உண்மையான ஏற்றம் இதைவிடக் குறைவுதான். ஆயினும் சிறு பிழை என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் 5 விழுக்காட்டுத் துல்லியமே எளிதில் கிட்டுவதில்லை. மாவுப்பொருளுக்கும் புரதத்திற்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 என்னும் எண்கள், அமெரிக்க வேதியியலார் வில்பர் அட்வாட்டரின் 19-ஆம் நூற்றாண்டு இறுதிக்கால ஆய்வுகளிலிருந்து வந்த சராசரிகள். 2012-இல் வெளியான ஆய்வொன்றில், பாதாம் பருப்பிலிருந்து உடலுக்குக் கிட்டிய ஆற்றல் அட்டவணை கூறுவதைவிடக் கால் பங்கு குறைவாக இருந்தது. செல் சுவர்களுக்குள் சிக்கிய கொழுப்பில் ஒரு பகுதி செரிக்காமலே வெளியேறிவிடுகிறது. மனிதரின் பிழையோ இன்னும் பெரிது. எவ்வளவு குறைத்து உண்டும் எடை குறையவில்லை என்று கூறிய சிலரை 1992-இல் ஆராய்ந்தனர். அவர்கள் தாம் உண்டதில் ஏறத்தாழ பாதியைத்தான் எழுதியிருந்தனர். வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று எண்ண வேண்டாம், கவனம் அவ்வளவுதான்.

மாடியிலுள்ள நீர்த்தொட்டியை எப்படி நிரப்புகிறோம்? குடம் குடமாக எண்ணியும் ஊற்றலாம். மிதவை வால்வு பொருத்தியும் விடலாம். நம் உடலிலும் மிதவைகள் உண்டு. நிறையும்போது இரைப்பை விரிவதை நரம்புகள் மூளைக்குத் தெரிவிக்கின்றன. கொழுப்பின் இருப்பை லெப்டின் என்னும் ஹார்மோன் அறிவிக்கிறது (1994-இல் கண்டறியப்பட்டது). பசியைத் தூண்டுவது கிரெலின் (1999). குடலிலிருந்து வரும் 'போதும்' என்ற செய்தி மூளையை எட்டச் சில நிமிடங்கள் ஆகும். அவசரமாக விழுங்குபவர், செய்தி வருமுன் இலையைக் காலி செய்துவிடுகிறார்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. எடை குறைத்தவரின் மிதவை சற்று வளைந்திருக்கும். எடை குறைந்து ஓராண்டு ஆன பின்னும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினர். எனவே கவனித்து உண்பது மந்திரம் அன்று. மிதவையை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை எடை பார்ப்பது அதற்குப் போதும். வளரும் வயதினரான நீங்கள் மருத்துவர் சொல்லாமல் உணவைக் குறைக்கலாகாது. கவனித்து உண்பதற்கோ வயது வரம்பு இல்லை.

2011-இல் இன்னொரு சோதனையும் வெளியாயிற்று. கணினியில் சீட்டாடியபடி உண்டவர்கள், அரை மணி கழித்து பிஸ்கட்டுகளைக் கூடுதலாகத் தின்றனர். முன்பு உண்டதும் அவர்களுக்குச் சரியாக நினைவில்லை.

இதை நீங்களும் சோதிக்கலாம். ஒரு நாள் தொலைக்காட்சி பார்த்தபடி இரவு உணவு உண்ணுங்கள். மறுநாள் அதே உணவைத் தட்டை மட்டும் பார்த்து, மெதுவாக மென்று உண்ணுங்கள். இரு நாளும் அரை மணி கழித்து, எதை எவ்வளவு உண்டீர்கள் என்று நினைவிலிருந்து எழுதி, பரிமாறியவரிடம் கேட்டு ஒப்பிடுங்கள். எந்த நாளில் பிழை அதிகம்?